மூலையில் ஒரு வாய்

பாபநாசம் அணையை வற்ற வைத்து, தண்ணீருக்குப் பதில் பெயிண்டை நிரப்பிக் கொடுத்தாலும் எங்கள் அக்கா பிரம்மநாயகிக்கு ஒரு வாரத்துக்குக் காணாது. அவள் வரைந்த மீனைப் பார்த்து வெட்கப்பட்டுத்தான் தாமிரபரணி மீனெல்லாம் கடலுக்கு ஓடிவிட்டது. இதெல்லாம் விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் தெருக்காரர்கள் அடிப்பது. நான் சொல்லவில்லை.

அக்காவுக்கு நூல் மில்லில் நைட் ஷிப்ட். காலையில் வந்து பாயை விரித்தால் மத்தியானம்வரை தூக்கம். மில் சங்கு, பஸ் ஹாரன், மீன்காரர் சத்தம் எல்லாம் அவள் கனவுக்குள் போய்க் குழம்பிவிடும். எழுந்ததும் முகம் கழுவமாட்டாள், பேசமாட்டாள். பேசினால் கனவு போய்விடுமாம். நூல் கோன் அடுக்குகிற அட்டைப்பெட்டியைக் கிழித்து, கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டில் அந்தக் கனவை வரைவாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஒரு படத்தில் அப்பா மேகத்துமேல் சைக்கிள் மிதிக்கிறார். இன்னொன்றில் எதிர்வீட்டு ஆடு பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் இருக்கிறது. ஆட்டுக்குக்கூட சீட்டு, கூடப் பிறந்தவனுக்கு இல்லை. எல்லாப் படத்திலும் மூலையில் முகமில்லாமல் ஒரு வாய் மட்டும் பொடிசாகத் தொங்கும்.

"எதிர்வீட்டு அத்தை வாயாக்கா?" என்று கேட்டால் சிரிப்பாள்.

பத்தாவதில் மூன்று பாடமும், பாபநாசத்துப் பாறையில் பாதி முன்பல்லும் போனவன் நான். சும்மாதானே இருக்கிறோம் என்று, ஒருநாள் அவள் படுத்ததும் காதுப் பக்கம் குனிந்து பைய ஓதினேன். "கோழி டிரைவர், கோழி டிரைவர்."

மத்தியானம் அட்டையில் ஒரு கோழி காக்கிச் சட்டை போட்டு பஸ் ஓட்டியது!

அப்புறம் தினமும் ஓதினேன். இட்லி மழை என்றால் இட்லி மழை. டீக்கடையில் கூட்டாளி ஆதிலிடம் அளந்தேன். "பாதிப் படம் என்னுதுல. அவ வெறும் கை."

"பெருமாள்ராஜு, அப்ப உன்னைய மட்டும் ஏம்ல ஒரு படத்துலயும் காணோம்?" என்றான்.

பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தேன்.

சனிக்கிழமை திருநெல்வேலியில் ஒரு கண்காட்சிக்கு அவள் படங்கள் போகவிருந்தன. வெள்ளிக்கிழமை காலை ஒரே ஒரு அட்டை மிச்சமிருந்தது. இதிலும் விட்டால் ஆடு மட்டும் ஊர் பார்க்கும். குனிந்தேன். 'பெருமாள்ராஜு சிங்கத்து மேல வாரான்' என்று ஓதத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"யக்கா... என்னையும் ஒரு மூலையில போடுக்கா."

கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "மூலையிலதானல இம்புட்டு நாளும் இருக்க."

துள்ளி விலகினேன். "நீ தூங்கலையா?"

"காதுக்குள்ள இப்படி மூச்சு விட்டா எவ தூங்குவா? அன்னைக்கு அந்தக் கோழிக்குச் சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! போய் அந்த வாயைப் பாருல, கிட்டக்கப் போய்."

போய்ப் பார்த்தேன். எல்லா வாயிலும் முன்பல் பாதிதான் இருந்தது. என் நாக்கு தானாகப் போய் என் பல்லைத் தொட்டது.

அக்கா எழுந்து கடைசி அட்டையை மடியில் வைத்தாள். "பேச வச்சிட்டேல்லா, இன்னைக்குக் கனவு போச்சு. இங்கன வந்து அசையாம இரு. மூஞ்சி பாக்கி இருக்கு."

இருந்தேன். பிரஷ்ஷை நனைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஆதில்ட்ட பாதிப் படம் உன்னுதுன்னியாம்லா?"