அக்கா, மேடம் ஆன காலை

கொடைக்கானலில் நாலைந்து வேன் வைத்து டிராவல்ஸ் நடத்துகிறேன். காசிம் உட்பட டிரைவர்கள் எல்லோரும் என்னை எப்போதும் "அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். போன மாதம் ஒருநாள் காலை, பழனிக்குக் கிளம்ப வேண்டிய குடும்பம் லாட்ஜ் வாசலில் காத்திருக்க, காசிமைக் காணோம். போனில் பொரிந்து தள்ளினேன்.

"வந்துக்கிட்டிருக்கேன் மேடம்" என்று வைத்துவிட்டார்.

மேடமா? சுருக்கென்றது. உடனே திரும்பக் கூப்பிட்டேன். "தம்பி, என்னாச்சு? சொல்லுங்க."

"ராத்திரியெல்லாம் காய்ச்சல்க்கா. கண்ணு இருட்டிக்கிட்டு வருது. நீங்க போட்ட சத்தத்துல எப்பிடிச் சொல்ல?"

"வண்டிய அங்கயே ஓரங்கட்டுங்க!"

வேறு டிரைவரை லாட்ஜுக்கு அனுப்பிவிட்டு, காசிமை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நல்லவேளை, அந்தக் கண்ணோடு அவர் மலை இறங்கவில்லை.

இப்போதெல்லாம் டிரைவர் யாராவது "மேடம்" என்றால், வேலைப் பேச்சை விட்டுவிட்டு, என்னாச்சு என்று கேட்பேன். மறுபடி "அக்கா" என்று வரும்வரை போனை வைப்பதில்லை.