அடிவயிறு கறுத்த ஆடு

பாளையங்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின் எனக்கே எனக்கென்று நான் வாங்கியது ஒரு பெட்டை ஆடு. மிஷன் பெண்களோடு உட்கார்ந்து இரண்டு வருஷம் லேஸ் பின்னிய காசு. என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். ஆட்டைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "செவப்பு ஆடு, நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் கரிசல்காட்டில் ஆடுகளுக்கு நடுவே வளர்ந்தவள். உடம்பெல்லாம் ஒரே சிவப்பாக இருந்தால்தான் செவ்வாடு. முதுகு சிவந்து, அடிவயிறும் தொடையின் உட்புறமும் மை பூசியதுபோல் கறுத்திருந்தால் அது கீழக்கரிசல். என்னுடையது கீழக்கரிசல். விளக்கிச் சொன்னேன், தலையை ஆட்டினார், காதில் வாங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஆடு கட்டை அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஆற்றங்கரைப் பக்கம் அறுவடையான வயலில் உரத்துக்காக ஒரு மந்தையைக் கிடை போட்டிருந்தார்கள். அதில்தான் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அன்று மத்தியானமே கிடையைக் கிளப்பி நாங்குநேரிக்கு ஓட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போனால் என் ஆடு போனதுதான். ஓடினேன். கணவரும் வேண்டாவெறுப்பாகப் பின்னால் வந்தார்.

நூற்றுக்கணக்கில் ஆடுகள், எல்லாம் சிவப்பு. வெயிலுக்கு ஒன்றின் வயிற்றடியில் ஒன்று தலையைச் செருகி நெருக்கியடித்து நின்றன. முதுகுதான் தெரிந்தது. கூப்பிட்டால் வருவதற்கு அது என் குரலுக்கு இன்னும் பழகவில்லை.

"எல்லாம் செவ்வாடு தாயி. என் கிடையில கலப்பே கெடையாது. ஒங்க ஆடு இங்கன வரல்ல" என்றார் கிடைக்காரர்.

"ஏளா, ஆடுன்னா ஆடுதான். வாத்தியார் பொண்டாட்டி கிடையில நின்னு சண்ட போடுதான்னு ஊரே சிரிக்கும். வா போவோம்" என்றார் கணவர்.

அழுகை முட்டியது. அழுதால் தோற்றேன் என்று ஆகிவிடுமே என்று அடக்கிக்கொண்டேன். அப்போதுதான் கால்வாய் கண்ணில் பட்டது. மடையை அடைத்துத் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். மந்தை ரோட்டுக்கு ஏற வேண்டுமானால் அதன் குறுகலான கரைமேல் ஒவ்வொன்றாகத்தான் போக வேண்டும்.

"அண்ணாச்சி, கலப்பே கெடையாதுன்னு சொன்னீயள்லா? வயிறு கறுத்த ஆடு வந்தா அது எனக்குத்தானே?"

"வந்தா பிடிச்சுக்கிடுங்க" என்று அவர் சிரித்தார்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கால்வாய்க்குள் இறங்கினேன். முழங்கால்வரை சகதி. தலைக்கு மேலே கரையில் ஆடுகள் போயின. சிவப்பு வயிறு, மறுபடியும் சிவப்பு வயிறு. கழுத்து வலித்தது. பாதி மந்தை போனபின் கன்னங்கரேலென்று ஒரு வயிறு வந்தது.

"அந்தா, அதுதான்" என்று கத்தினேன்.

கிடைக்காரர் அதன் காலைப் பிடித்துச் சாய்த்தார். பெட்டைதான், வயிறும் தொடையும் கறுப்பு. ஒரு நார்க் கயிற்றை எடுத்து அதன் கழுத்தில் கட்டினார்.

நான் இன்னும் மேலேறவில்லை. மந்தையின் கடைசியில் கொழுத்த கிடா ஒன்று போயிற்று. அதற்கும் வயிறு கறுப்பு.

"அண்ணாச்சி, ஒங்க பேச்சுப்படி அந்தக் கிடாவும் ஒங்களுது இல்ல. பரவாயில்ல, நான் வாங்கினது பெட்ட. அத நீங்களே ஓட்டிட்டுப் போங்க."

அவர் மீசையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அந்த நிமிஷம் எனக்கிருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

பள்ளிக்கூடத் தெரு வழியாகத்தான் திரும்பினோம். முழங்கால்வரை சகதியோடு நான் முன்னால் நடந்தேன். கணவர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். எதிரே வந்த தலைமை வாத்தியார், "என்ன வே, செவ்வாடா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி, கீழக்கரிசல்" என்றார் என் கணவர்.