பலகை படிக்கிறவர்

தெருவில் நடக்கும்போது அவர் கண் தரையில் இருக்காது. இருபக்கமும் உள்ள கடைப் பலகைகளை உதடசைத்துப் படித்துக்கொண்டே போவார். யார் மேலாவது இடித்துக்கொண்டால் திரும்பிப் பார்ப்பதுகூடக் கிடையாது. பழைய கடை, நல்ல கூட்டம், பதிவு செய்யாத பெயர் என்று மூன்றும் ஒரே இடத்தில் அமைந்துவிட்டால் அவருக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

முன்பெல்லாம் பதிவு அலுவலக வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தவர். அப்போது ஒரு பெயரை முதலில் புழங்கியவருக்கே அது சொந்தம். சட்டத்தை மாற்றினார்கள். இப்போது முதலில் பதிந்தவருக்குச் சொந்தம். கடைக்காரர்கள் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார்கள். இவர் மறுநாளே வரிசையில் நின்றார். தையல்கடை, செருப்புக்கடை, சலவைக்கடை என்று ஊரார் பெயரையெல்லாம் தன் பேரில் பதிந்து, உரியவர்களுக்கே விற்றார்.

"திருட்டுன்னு சொல்லாதீங்க. பூட்டாத வீடு. நான் உள்ள போய்ப் பூட்டிக்கிட்டேன், அவ்வளவுதான்" என்பார், பல் குத்தியபடி. கேட்கிற நமக்குத்தான் வயிறு எரியும்.

'நெட்டையன் ரொட்டிக்கடை' அவருடைய அக்காவின் கடை. நெட்டையன் என்பது, இறந்துபோன அவள் கணவரைத் தெருவே கூப்பிட்ட பெயர். படிக்கிற காலத்தில் இவர் மூன்று வேளையும் வயிறு வளர்த்தது அந்தக் கடையில்தான். பெரிய ரொட்டிக் கம்பெனி ஒன்று அந்தப் பெயரை விலைக்குக் கேட்டது. அக்கா முடியாது என்றாள். தம்பி சத்தமில்லாமல் அதைப் பதிந்து கம்பெனிக்கு விற்றுவிட்டார். பலகையை இறக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகுதான் அவளுக்கு விஷயமே தெரியும்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?"

"கேட்டா குடுத்திருக்க மாட்டேக்கா. நான் எடுக்கலைன்னா வேற எவனாவது எடுத்திருப்பான். வர்ற பணமாவது குடும்பத்துக்குள்ள இருக்கட்டும்னுதான்..."

"எந்தக் குடும்பத்துக்குள்ள?"

அவர் கண் மெல்ல எதிர்க்கடைப் பலகைக்குப் போயிற்று.

கெடு முடிகிற நாளில், வேலையாளைக் கூப்பிடாமல் அக்காவே ஏணியைச் சாத்தி ஏறினாள். ஆணிகள் துருவேறிப் போயிருந்தன. அவள் குறடால் பிடித்து இழுத்த இழுப்பில் ஏணி ஆடியது. ரொட்டி வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தம்பிதான் ஓடிவந்தார்.

"பாத்துக்கா, பதறாம கழட்டு" என்றபடி, இரண்டு கையாலும் ஏணியை ஆடாமல் பிடித்துக்கொண்டார்.