சண்டை நின்ற பிறகு தின்கிறேன்

நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகும் எங்கள் ஷிப்ட் பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது வேலை பர்மனென்ட் ஆனாலோ, பிள்ளை பாஸானாலோ, அவர் வாங்கிவரும் இனிப்பு டப்பா சீட்டுக்குச் சீட்டு கைமாறிப் போகும். என் மகன் பட்டாளத்தில் சேர்ந்தபோது நானும் கொடுத்தேன்.

அவனைக் காஷ்மீர் எல்லையில் போட்டிருந்த சமயம், ஒரு காலையில் போருக்காக லட்டு வந்தது. டிவியைப் பார்த்துவிட்டு, சண்டை மூண்டேவிட்டது என்று கன்வேயர் பெல்ட்டில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் வாங்கி வந்திருந்தார். பஸ் இஞ்சினை விடப் பெரிய குரல் அவருக்கு.

“வீரனைப் பெத்த அப்பன் மொதல்ல வாயத் தெறக்கட்டும்” என்று என்னிடம் நீட்டினார்.

மகனிடமிருந்து போன் வந்து சில நாட்கள் ஆகியிருந்தன. வீட்டில் அவன் அம்மா செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டுதான் சமைத்தாள்.

“இருக்கட்டும்ணே. சண்ட நின்னப்புறம் துன்றேன்.”

“ஜெயிச்சப்புறம்னு சொல்லுய்யா! இந்த வாட்டி பேச்சுவார்த்த கீச்சுவார்த்தன்னு ஒக்காரக் கூடாது. ஒரேயடியா முடிச்சிடணும். பாதியில வுட்டா திரும்ப வருவான். அப்ப இன்னொருத்தன் புள்ள போயி நிக்கணும்.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பஸ்ஸில் நான் பேசுவதே அபூர்வம். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன். எனக்குத் தெரிந்தது சுரங்கத்துப் பம்புகள்தான். நிலக்கரிக்கு அடியிலிருந்து தண்ணீர் முட்டிக்கொண்டே இருக்கும். இரவும் பகலும் இறைத்தால்தான் மேலே வேலை நடக்கும். அதைச் சொன்னேன்.

“தண்ணிய என்னிக்கிண்ணே நாம்ப ஜெயிச்சோம்? எறைச்சிக்கினுதான இருக்கறோம். ஒரேயடியா ஒழிச்சிட்டுத்தான் கரி எடுப்பேன்னா, சுத்துப்பட்டு ஊருல குடிக்கத் தண்ணி இருக்காது.”

“அப்ப காலம்பூரா எறைச்சிக்கினே கெடக்கணுமா?”

“கெடக்கறோமில்ல, சம்பளம் வாங்கிக்கினு?”

பஸ் சிரித்தது. “அண்ணே, லட்டுல ஈ மொய்க்குது, சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க” என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. “தண்ணிக்கு முன்னால மெஷின் நிக்குது. அங்க நிக்கறது உம்புள்ளய்யா” என்றார்.

டப்பாவை வாங்கி அடுத்த சீட்டுக்கு நீட்டினேன்.

நாலு நாள் கழித்து மதியம் மகன் கூப்பிட்டான். சாப்பாடு, குளிர் எல்லாம் விசாரித்த பிறகு அவனையே கேட்டேன். “முடிச்சிட்டு வர்றது தேவலையா, பேசி நிறுத்தறது தேவலையாடா?”

“முடிக்கச் சொன்னா போவோம்ப்பா. அது எங்க வேல. ஆனா எதிர்ல ஒருத்தன் தெனம் துணி காயப்போடறான். அவன் சட்ட அளவுகூட எனக்குத் தெரியும். நேத்து சுடக்கூடாதுன்னு ஆர்டர் வந்துச்சி. அப்புறமும் அங்கேருந்து ஒரு குண்டு வந்து மணல் மூட்டையில பட்டுச்சி. தவறிச் சுட்டானா, வேணும்னு சுட்டானா, தெரியல. துப்பாக்கி எங்கையில. கூட இருந்தவங்க எம்மூஞ்சியப் பாத்தாங்க. நான் சுடல.”

“பயந்துட்டியா?”

“ரொம்பப்பா. சுட்டிருந்தா பயம் கொறஞ்சிருக்கும்.”

அதன்பிறகு அங்கிருந்து குண்டு வரவில்லையாம். அவன் விரலை அழுத்தாமல் இருந்ததால் அந்த இடத்தில் அன்று சண்டை நின்றது. போரில் ஜெயித்து வந்திருந்தால்கூட இந்த அளவுக்கு என் மனம் நிறைந்திருக்குமா என்று தெரியவில்லை. நிறுத்துவதற்கும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் என் பிள்ளை.

அடுத்த நாள் பஸ்ஸில் ஏறியதும் அண்ணன், “போன் வந்துச்சா?” என்றார், மெதுவாக.

நின்றபடியே சொன்னேன். “எம்புள்ள நின்ன எடத்தப் பாத்து சுட்டாங்கண்ணே. அவன் திருப்பிச் சுடல.”

அவர் என் தோளைப் பிடித்தார். “உம்பையன் தங்கம்யா. ஆனா பேச்சுவார்த்தைய மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்.”

“ஒத்துக்காதீங்க” என்றேன்.

என்ன சொன்னேன் என்று யாரோ கேட்டார்கள். “எம்புள்ள திருப்பிச் சுடல” என்று பஸ் முழுவதற்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னேன்.