யாரைப் படம் எடுக்க?

தேனியில் ஒரு கேமரா கடையில்தான் அவரைப் பார்த்தேன். அறுபது தாண்டியவர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர் என்றார் கடைக்காரர். புதிதாக வந்திருந்த டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை வாங்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். விலை பயமுறுத்தியது.

அந்தக் கேமரா அவர் கையில் இருந்தது. வாரந்தவறாமல் வந்து, அதன் வழியே சாலையில் போகிறவர்களைப் பார்ப்பாராம். உள்ளே இரண்டாகத் தெரியும் உருவம், லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் ஒன்றாகச் சேரும்; அப்போது எடுத்தால்தான் படம் தெளிவாக விழும். சேர்ந்ததும் கேமராவை இறக்கிவிடுவார். பட்டனை மட்டும் அமுக்கமாட்டார்.

“வாங்கலையாய்யா?” என்று கேட்டேன்.

“வாங்கிறலாம். வெளிநாட்டுல இருக்க மகன்ட்ட போன்ல சொன்னேன். ‘யாரப் படம் எடுக்கப் போறீகப்பா? நாங்கதான் அங்கன வர்றதே இல்லையே’ன்னு சிரிக்கிறான். காசு வீண்னு சொல்லிருந்தா சண்ட போட்ருப்பேன். இதுக்கு என்னத்தச் சொல்ல?”

எனக்கு மனசு கேட்கவில்லை. “என்னைய ஒண்ணு எடுங்களேன்” என்றேன்.

என் பக்கம் திரும்பினார். வளையத்தை நிதானமாகத் திருப்பினார். விரல் பட்டன்மேல் இருந்தது.

“நல்லாத்தான் தெரியுறீக. ஆனா நீங்க எனக்கு யாரு?”

பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு கேமராவை மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நானும் வாங்காமல்தான் வந்தேன். அவர் கோபமாகக் கேட்டிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ள நினைத்தவர்போல அல்லவா கேட்டார்.