ஜெனரேட்டர் இழுக்க வாங்கிய கார்

கல்யாண மண்டபங்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது அப்போது என் தொழில். இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு தகரக் கூண்டு, அதற்குள் ஜெனரேட்டர். ஜீப்பின் கொக்கியில் மாட்டி ஊரெல்லாம் இழுத்துக்கொண்டு போவேன். இழுப்பது பெரிய வித்தையில்லை, ரிவர்ஸ் எடுப்பதுதான் வித்தை. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் பின்னால் மாட்டியிருப்பது வலப்பக்கம் போகும். கொஞ்சம் அசந்தால் இரண்டும் மடங்கி, திறந்த கத்தரிக்கோல் மாதிரி நின்றுவிடும்.

எந்தச் சந்தாக இருந்தாலும் ஒரே ரிவர்ஸில் சொருகிவிடுகிறவன் என்று புதுச்சேரியில் எனக்குப் பெயர். உண்மையில் எனக்கு ரிவர்ஸ் சுத்தமாக வராது. என் மனைவி பின்னால் நின்று கூண்டில் தட்டுவாள். ஒரு தட்டு இடம், இரண்டு தட்டு வலம், படபடவென்று தட்டினால் நிறுத்து. அதன்படி நான் ஸ்டீயரிங்கைத் திருப்புவேன், அவ்வளவுதான். கேட்டவர்களிடம், "தனியா வீட்ல இருக்கப் பயப்படுவா, அதான் கூட்டியாறேன்" என்று சொல்லிவைத்திருந்தேன். என்னைத் தவிர வேறெதற்கும் அவள் பயந்ததில்லை. என்னிடமும் பயம் என் டிரைவிங்குக்கு மட்டும்தான்.

கோரிமேட்டு ஏற்றத்தில் ஜீப் ஒருநாள் மூச்சை விட்டுவிட்டது. புதிதாக ஒன்று வாங்கக் கட்டுப்படியாகவில்லை, பழையதிலேயே ஓரளவு புதிதாகப் பார்த்தோம். வில்லியனூரில் ஒரு டீசல் வண்டி இருந்தது. அழகில்லை, ஆனால் நல்ல இழுவை. "ஜெனரேட்டர மாட்டி ஒரு சுத்து இழுத்துப் பாத்துட்டு வாங்கலாம்" என்றாள் மனைவி. நல்ல யோசனை என்றேன். மறுநாள் போய் வேறு வண்டியை வாங்கிவந்தேன்.

காரணம், நான் வாங்கிய வண்டியில் இருந்த திரை. விற்றது பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்கும் ஒரு குடும்பம். பிரான்சில் இருக்கும் மகன் அங்கிருந்தே வாங்கிவந்து டாஷ்போர்டில் பொருத்தியிருந்தார். தொட்டால் போதும், பாட்டு, ஏசி, வரைபடம் எல்லாம் வரும் என்றார்கள். பின்னால் ஒரு கேமரா வைத்தால் ரிவர்ஸில் அதுவும் தெரியும் என்றார்கள். எனக்கு அந்தக் கடைசி வார்த்தை போதுமானதாக இருந்தது. அன்றே கேமரா வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, "இனிமே நீ வெயில்ல நிக்க வேணாம்" என்று மனைவியிடம் சொன்னேன். ஏதோ அவள்மேல் பரிவு பொங்கியது போலச் சொன்னேன். என் பெயர் இனி என்னுடைய பெயராகவே இருக்கட்டும் என்பதுதான் உள்ளே ஓடிய ஆசை. அவள் சற்று நேரம் திரையைப் பார்த்தாள். "சரி" என்று உள்ளே போய்விட்டாள்.

திரை முழுக்க பிரெஞ்சு. பள்ளிக்கூடத்தில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்து மார்க்கை அள்ளியவன் நான், அதைப் பீற்றிக்கொள்ளாத நாளில்லை. அந்தப் படிப்பில் எனக்கு மிஞ்சியிருந்தது வணக்கமும் நன்றியும். திரையோ இரண்டையும் கேட்கவில்லை. வரைபடத்துக்கு பிரான்சைத் தவிர வேறு பூமி தெரியாது. மூலக்குளத்தில் என் வாசலில் நிற்கும் வண்டியை வெறும் வெள்ளையில் நிறுத்திக் காட்டியது. வியர்த்த விரலை அது மதிக்காது, நகத்தால் குத்த வேண்டும். ஏசியைக் குறைக்கக் குத்தினால் ரேடியோ அலறும். ரேடியோவைக் குறைக்கக் குத்தினால் ஒரு பெண்குரல் பிரெஞ்சில் ஏதோ கண்டிக்கும்.

முதல் முகூர்த்தம் நோணாங்குப்பத்தில். மாலை வரவேற்புக்கு மதியம் மூன்று மணிக்கே தனியாகப் போனேன். மண்டபத்துக்குப் பக்கவாட்டில் ஒரு மணல் சந்து, அதற்குள் பின்னோக்கிப் போக வேண்டும். கம்பீரமாக ரிவர்ஸ் போட்டேன். திரை பளிச்சென்று வந்தது. அதில் என் சொந்த ஜெனரேட்டர் கூண்டின் தகரம் மட்டும் தெரிந்தது. கேமராவுக்கு முன்னால் கூண்டை மாட்டினால் கேமரா கூண்டைத்தான் பார்க்கும் என்பது, கடவுள் சத்தியமாக, அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

அப்படியும் விட்டேனா? திரையில் வேறு ஏதாவது வருமென்று குத்திக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். வண்டி மடங்கி, சந்து வாயை அடைத்துக்கொண்டு நின்றது. முன்னால் சமையல்காரர்களின் பாத்திர டெம்போ வந்து ஹாரன் அடித்தது. ஆறு பேர் வந்து ஆறு திசை சொன்னார்கள். கூண்டைக் கழற்றிக் கையால் தள்ளப் பார்த்தோம், சக்கரம் மணலில் புதைந்தது. வண்டிக்குள் அந்தப் பெண்குரல் கண்டிப்பதை நிறுத்தவேயில்லை. ஐந்து மணிக்குள் ஜெனரேட்டர் உள்ளே போகாவிட்டால் இந்த மண்டபத்தில் இனி எனக்கு வேலையில்லை. மானத்தை விட்டு மனைவிக்கு போன் பண்ணினேன்.

மொபெட்டில் வந்து இறங்கினாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. கூண்டைத் திரும்பக் கொக்கியில் மாட்டவைத்து, டெம்போவையும் எல்லாரையும் ஒதுங்கச் சொல்லிவிட்டு, முன்னால் கொஞ்சம் எடுக்கவைத்து நேராக்கினாள். பிறகு கூண்டில் தட்டினாள். ஒன்று, இரண்டு, ஒன்று. ஒரே ரிவர்ஸில் உள்ளே போய் நின்றேன்.

மண்டப மேனேஜர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெட்கமில்லாமல் குலுக்கக் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்தாள். மேனேஜர் நகர்ந்ததும், "பேர நீங்களே வச்சிக்குங்க, பரவால்ல. நான் வேணாம்னு சொன்னீங்களே, அதத்தான் தாங்க முடில" என்றாள்.

பரிவு என்று நான் பூசி மெழுகியதை அவள் அன்றைக்கே துடைத்துப் பார்த்திருக்கிறாள். மண்டபத்துக்குள் போய், சமையல்கட்டு வாசலில் நின்ற மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரிவர்ஸ் எடுக்கிறது நானில்லை, ஒன்பது வருஷமாக அவள்தான் என்று.

அவர் வெற்றிலையை ஓரம் ஒதுக்கினார். "அது ஊருக்கே தெரியும்ணா. அக்கா வருவாங்கன்னுதான உங்கள புக் பண்றோம்."

திரும்பி வந்தபோது அவள் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். தலைகுனிந்துகொண்டு அவர் சொன்னதைச் சொன்னேன்.

"எனக்கும் தெரியும்" என்றாள். "உங்களுக்குத் தெரிய வேணாம்னு எல்லார்கிட்டயும் நான்தான் சொல்லி வச்சிருந்தேன்."