மாரிசெல்வி வீட்டுக்கு மதிப்பு

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாரிசெல்வி நேராக வீட்டுக்குள் போக மாட்டாள். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று தன் வீட்டை ஒரு பார்வை பார்ப்பாள். துப்பட்டாவாலேயே வாசல் கேட்டில் படிந்த தூசியைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பாள். ஒரகடத்து லாரிகள் கிளப்புகிற மண் எங்கள் படப்பை வரைக்கும் வரும். அதோடு அவளுக்குத் தீராத சண்டை.

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். கார்களுக்கு ஒயர் கட்டும் லைனில் வேலை. அங்கேதான் வேல்ராஜைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். ஹாஸ்டலில் பாய் விரிக்க இடமில்லாமல் இருந்தவள் என்பதாலோ என்னவோ, இந்தச் சின்ன வீட்டை அவள் புகழாத நாளில்லை. யார் வந்தாலும் அடுப்பு மேடையைத் தட்டிக் காட்டுவாள். "கிரானைட்டுக்கா! குனிஞ்சு பாருங்க, மொகம் தெரியும்." வாயில் ஒரு கெட்ட சொல் வராது. வீட்டைக் குறை சொன்னால் மட்டும் பொறுக்க மாட்டாள்.

வேல்ராஜ் பிரிந்துபோய் ஸ்ரீபெரும்புதூரில் அறை எடுத்துக்கொண்டான். விவாகரத்து கோர்ட்டில் இருக்கிறது. வீடு இருவர் பெயரிலும் உள்ளது. அதன் மதிப்பில் பாதியை அவனுக்குக் கொடுத்தால் வீடு அவளுக்கு. முடியாவிட்டால் விற்றுப் பங்கு போட வேண்டும். மதிப்பு கொஞ்சம் ஏறினாலும் அவளுக்கு எட்டாது. "இன்ஜினியர் வர்றப்போ இருக்கிற குறையெல்லாம் காட்டும்மா, கூட்டிப் பெருக்கி வைக்காதே" என்று வக்கீலம்மா எழிலரசி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை மதிப்பு போட இன்ஜினியர் முனிரத்தினம் சார் வந்தார்; வேல்ராஜும் வந்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரி என்று துணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள். போய்ப் பார்த்தால் ஜன்னலுக்கெல்லாம் புதுத் திரை. துடைத்த தரை பளபளக்கிறது.

"இன்னாடி இது?" என்றேன் காதோரமாக.

"வெளியாளு வாராகல்லாக்கா. அழுக்கா கெடந்தா நல்லாவா இருக்கும்?"

சார் அளக்கிற டேப்பின் முனையை அவளிடம் கொடுத்து, அது சுருளும் பெட்டியை வேல்ராஜைப் பிடிக்கச் சொன்னார். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் அறை அறையாகப் பிடித்தார்கள்.

"வூட்டுல கொற எதுனா இருக்குதாம்மா? ஒழுகல், வெடிப்பு?" என்று கேட்டார் சார்.

அவள் புதுத் திரையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். நான் மனசுக்குள் பெருமாளைக் கூப்பிட்டேன். தலை குனிந்தபடி வேல்ராஜ்தான் சொன்னான்: "மேக்குச் சொவத்துல மழைக்குத் தண்ணி எறங்கும் சார்." சொன்னால் குறைவது அவன் பங்குதான். இருந்தும் சொன்னான்.

மாரிசெல்வி சீறிவிட்டாள். "எங்க எறங்குது? கையை வச்சுப் பாருங்க சார்! நான் கூடவே நின்னு பூச வச்ச சொவரு. இவுகளுக்கு என்னைக்கு இந்த வீட்டோட அருமை தெரிஞ்சுது?"

"ஏ மாரி, ஒனக்காவத்தான் சொல்லுதேன்."

"என்னைய என்ன வேணா சொல்லுங்க. வீட்டச் சொல்லாதிய."

சார் சுவரைத் தொட்டுப் பார்த்தார். வெயில் காலம், காய்ந்திருந்தது. "செவுரு நல்லா கீது" என்று எழுதிக்கொண்டார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிடித்திருந்த முனை நழுவி, டேப் சர்ரென்று வேல்ராஜ் கையிலிருந்த பெட்டிக்குள் ஓடியது.

கடைசியாக, கோர்ட்டுக்குக் காட்ட இருவரையும் வீட்டின் முன்னால் நிறுத்திப் போட்டோ எடுக்க சார் போனைத் தூக்கினார்.

"ஒரு நிமிசம் சார்" என்றாள். கண் நிறைந்திருந்தது. ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த கரித்துணியை உருவிச் சுருட்டி, முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்து நின்றாள்.